பாதியில் நின்ற கைகள்

சின்ன வயதில் தெருவில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ரேடியோ. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. அந்த வீட்டிலிருந்து வெளியே கேட்கும் ஒரே குரல் அவளுடையதுதான். அப்பா மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுபவர். அம்மா பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டுபவர். மீட்டர் பார்க்க ஆள் வந்தாலும், பக்கத்து வீட்டில் தண்ணீர்ச் சண்டை வந்தாலும், பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைப் பற்றியே புகார் சொல்லக் கூப்பிட்டாலும், நடுவில் நின்று வாயையும் கையையும் ஆட்டியது அவள்தான். தன்மேல் சொன்ன புகாரை ஒரு வார்த்தை குறைக்காமல் தானே அம்மாவுக்குக் கையால் சொல்லி, வீட்டுக்கு வந்து அதற்கு அடியும் வாங்கிய பிள்ளை வேறு எங்கேயாவது இருந்ததா என்று தெரியவில்லை.

சிரிக்கச் சிரிக்க அவள் இதையெல்லாம் சொல்லுவாள். ஆனால் ஒரு கோபம் அந்த வயதிலேயே அவளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பேச வருகிறவர்கள் யாரும் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள். அவளைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை கிளினிக்கில் டாக்டர், பாலிஷ் நெடியில் அப்பாவின் நுரையீரல் கெட்டுக்கொண்டு வருகிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு, குனிந்து, "இதெல்லாம் அவர்கிட்ட சொல்லிடாத பாப்பா, பயந்துடுவாரு" என்றார். அவள் அந்த இடத்திலேயே திரும்பி அவ்வளவையும், கடைசியில் சொன்ன அந்த வாக்கியத்தையும் சேர்த்து, அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா டாக்டரைப் பார்த்துக் கையை அசைத்தார். என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். "உடம்பு என்னுது, என்கிட்டதானே சொல்லணும்னு கேக்கிறாரு" என்றாள் அவள்.

வளர்ந்ததும் அதுவே அவளுக்குத் தொழிலாயிற்று. சைகை மொழிக்கான பரீட்சை எழுதித் தேறி, வீடியோ வழியாக மொழிபெயர்ப்பாளர்களைத் தரும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ கோர்ட்டிலோ காது கேட்காத ஒருவர் வந்து உட்கார்ந்தால், அங்கே மேசைமேல் ஒரு திரையை வைப்பார்கள். அதில் அவள் முகம் வரும். எதிரே இருப்பவர் பேசுவதை அவள் காதால் கேட்டுக் கையால் சொல்லுவாள். அவர்கள் கையால் சொல்லுவதை வாயால் சொல்லுவாள். இவ்வளவையும் வீட்டில் உட்கார்ந்தபடியே செய்ய வேண்டும்.

அந்த வீட்டில்தான் சங்கடம். கணவன் குளிர்பதனக் கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். மாமனார் கட்டிய வீடு. கீழே அவளுக்கு மூத்தாரான கணவனின் அண்ணனின் குடும்பம், மாடியில் இவர்கள். நெட் இணைப்பு அண்ணனின் பெயரில் கீழ்த்தளத்துக்கு வாங்கியது. அவர் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் பூட்டி வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வைஃபை ரவுட்டரையும் அப்படித்தான் வைத்திருந்தார்: டி.வி.க்குக் கீழே இரும்பு அலமாரிக்குள், தூசி படாமல் ஒரு துணி போர்த்தி, பக்கத்தில் பழைய கடிகாரங்களும் டார்ச்சுகளும் துணைக்கு. அது வீட்டுக்கு வந்தபோது அவர் பெண் இன்னும் பேச ஆரம்பிக்காத கைக்குழந்தை. இப்போது அந்தப் பெண் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறாள்.

அந்தப் பெட்டி வந்த காலத்தில் வீட்டில் இருந்தது ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு போனும். இப்போது டி.வி. நெட்டில் ஓடுகிறது, வாசல் கேமரா நெட்டில் ஓடுகிறது, பிள்ளைகளின் பாடம், ஓரகத்தியின் தையல் வகுப்பு, ஆளுக்கொரு போன். அத்தனையையும் அந்தக் கிழட்டுப் பெட்டி துணிக்குள் மூச்சுமுட்டிக்கொண்டு சுமந்தது. அதற்கு மேலே கான்கிரீட் தளம், மாடிப்படிச் சுவர், தண்ணீர்த் தொட்டி. இவற்றையெல்லாம் தாண்டி அவளுடைய அறைக்கு வந்து சேரும் சிக்னல் பந்தியில் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்த சாப்பாடு மாதிரி இருந்தது.

மாற்றலாம் என்று அவள் கேட்காமல் இல்லை. "நல்லா ஓடுற சாமானை எதுக்குத் தூக்கிப் போடணும்? எனக்கு இங்க சூப்பரா வருதே" என்பார் மூத்தார். வரத்தான் செய்யும், பெட்டிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர் அவர். நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் சுவிட்சை அணைத்துப் போடச் சொல்லுவார்கள். லைன்மேன் வருவார், அலமாரி முன் நிற்பார், போனில் வேகத்தைக் காட்டும் முள் ஏறுவதைக் காட்டுவார், "ஸ்பீடு ஃபுல்லா இருக்கு சார்" என்று மூத்தாரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மாடிப்படி ஒன்று இருப்பதே அவர் கண்ணில் படாது. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு, முக்கியமான வேலை இருக்கும் நேரத்தில் கீழே போய் ஒவ்வொருவரிடமும் கெஞ்சி நெட்டை அணைக்கச் சொல்லிவிட்டு வந்து உட்காருவாள்.

பேச்சு என்றால் நடுவில் கொஞ்சம் விட்டுப்போனாலும் ஊகித்துக்கொள்ளலாம். கை அப்படியில்லை. படம் நின்றால் பேச்சே நின்றது. பாதியில் நின்ற கை வேறு ஒரு வார்த்தையாகவும் தெரியலாம்.

அன்று காலை குழந்தைகள் வார்டிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் ஒரு இளம் தாய், காது கேட்காதவர். மடியில் காய்ச்சலில் துவண்ட ஆண் குழந்தை. டாக்டர் ஒரு ஊசி மருந்தின் பெயரைச் சொல்லி, "இதை முன்னாடி போட்டு ஏதாவது பிரச்சினை வந்திருக்கான்னு கேளுங்க" என்றார். அவள் கேட்டாள். தாய் தலையைப் பலமாக இப்படியும் அப்படியும் ஆட்டினார். இரண்டு கைகளும் மேலே எழுந்தன. 'வேண்டாம், அதைப் போட்டால்...' அவ்வளவுதான். அதை அவள் வாயால் சொல்வதற்குள் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. சத்தமும் இல்லை. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

கீழே அலமாரிக்குள் பெட்டியில் விளக்கு சிவப்பாக எரிந்தது. தொட்டால் கை சுட்டது. அணைத்துப் போட்டாள். அது உயிர் பெற்று வர எப்போதும் ஒரு யுகம் ஆகும். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள், அங்கேதான் டவர் எடுக்கும். ஆஸ்பத்திரி எண்ணில் முதலில் பதிவு செய்த குரல், அப்புறம் பாட்டு, அப்புறம் ஒரு பெண். நோயாளி பெயர் என்ன என்று கேட்டார். நிறுவனம் மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளியின் பெயரைத் தருவதில்லை. "குழந்தை வார்டு, ஊசி போட வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க, உடனே சொல்லுங்க" என்றாள். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டது அந்தக் குரல்.

அதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. தாய் தலையை ஆட்டியதை டாக்டர் பார்த்தார். முன்பு பிரச்சினை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டார். திரையில் மொழிபெயர்ப்பாளரின் படம் நின்றுபோயிருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஊசியோடு வந்த நர்ஸின் கையைத் தாய் தட்டிவிட்டார். பெற்றவள் பதறுகிறாள் என்று நினைத்து ஆளுக்கொரு பக்கம் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் முகம் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வாமைக்கு மருந்து கொடுத்து, ஆக்ஸிஜன் வைத்து, எப்படியோ மீட்டுவிட்டார்கள்.

இந்த விவரமெல்லாம் நிறுவனம் நடத்திய விசாரணையில்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தாய் விசாரணைக்கு அனுப்பிய வீடியோவை அவளுக்கும் காட்டினார்கள். அதில் அவர் அழவில்லை. நிதானமாகக் கையால் சொன்னார்: "என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் வாயைப் பொத்தினால் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்?"

நிறுவனத்து அதிகாரி வழுவழுப்பான குரலில் போனில் பேசினார். கோளாறு அவள் பக்கத்து இணைப்பில் என்று உறுதியாகிவிட்டதாம். சாதனங்களைச் சரிசெய்து சோதனையில் தேறும்வரை ஆஸ்பத்திரி அழைப்புகள் அவளுக்கு வராது என்றார். அவள் ஒத்துக்கொண்டாள். பெட்டி தன் வீட்டுப் பெட்டி, அதை மறைக்க முடியாது. ஆனால் ஒன்று கேட்டாள்.

"படம் நின்னது அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் எதுக்கு ஊசி போட்டாங்க?"

அது ஆஸ்பத்திரியின் நடைமுறை சம்பந்தப்பட்டது, நம்முடைய வரம்புக்குள் வராது என்றார் அதிகாரி. ஆஸ்பத்திரிக்காரர்களோ தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டதற்குத் தொழில்நுட்பம் என்ன செய்தது என்று அவள் வீட்டுச் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்மேலும்தான் கோபம் வந்தது, இத்தனை நாள் கெஞ்சிக்கொண்டே காலம் தள்ளினோமே என்று.

மூத்தாரிடம் நடந்ததைச் சொன்னாள். டி.வி.யின் சத்தத்தைக் குறைக்காமலே கேட்ட அவர், "குழந்தை பொழைச்சிடுச்சில்ல?" என்றார். ஓரகத்தி எழுந்து வந்து டி.வி.யை அணைத்தார். மாடிக்கு வந்தபோது கணவன், அண்ணனிடம் எப்படிச் சொல்லுவது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நீங்க சொல்ல வேணாம். நடுவுல நிக்காம இருந்தா போதும்" என்றாள்.

லைன்மேனை மறுபடி வரவழைத்தாள். இந்த முறை அலமாரிப் பக்கம் அவர் திரும்புவதற்குள், "வாங்க, மாடிக்கு" என்று படியைக் காட்டினாள். அவளுடைய அறையில் வைத்துச் சோதித்தபோது போனில் முள் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உண்மையைக் கக்கினார். இந்த மாடல் ரவுட்டரைச் செய்தவர்களே அதைக் கைகழுவி வெகுகாலம் ஆகிறது. புதுப் போன்களோடு அதற்கு ஒத்துப்போக வராது. ஓட்டை உடைசலை அடைக்கிற அப்டேட்டும் வருவதில்லை, வெளியாள் உள்ளே நுழைய நினைத்தால் நுழையலாம். இந்தத் தெருவில் பாதி வீட்டில் இதுதான் இருக்கிறது.

"அப்ப ஏன் யாருக்கும் சொல்லல?"

"பெட்டி செத்தாதான் மாத்தணும்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்கம்மா. அதுவரைக்கும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுன்னுதான் எங்களுக்கு உத்தரவு."

அவள் விடாமல் புகார் மேல் புகார் கொடுத்த பிறகு, மாற்றுப் பெட்டி ஒன்று வந்தது. புத்தம்புது அட்டைப்பெட்டி. உள்ளே இருந்த ரவுட்டரின் முதுகில் பசைநாடா ஒட்டியிருந்தது, அதில் யார் வீட்டுச் சுவரிலிருந்தோ பெயர்ந்து வந்த நீலச் சுண்ணாம்பு. மின்சாரம் கொடுத்ததும் போனில் ஒரு வைஃபை பெயர் வந்தது: குட்டிமா வீடு. யாரோ சலித்துப்போய்த் திருப்பிக் கொடுத்த பெட்டியைத் துடைக்கக்கூடத் துடைக்காமல் அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். மாடல் அதே பழைய மாடல்தான்.

அன்றுதான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். டோக்கன் வாங்கி உட்கார்ந்து, முறை வந்ததும், கவுன்ட்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் வந்தால்தான் பேச முடியும் என்றார். குழந்தை, ஊசி என்று அவள் ஆரம்பித்தது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த டோக்கனின் மணி அடித்தது.

வீட்டுக்கு வந்து மூத்தாரிடம், "மாமா, நீங்க ஒருதரம் என்கூட வரணும்" என்றாள். அவர் மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். ஆனால் குட்டிமா வீட்டுச் சமாசாரம் அவரைச் சுட்டுவிட்டது. வாழ்நாள் பூராவும் ஸ்டோர்ஸில் புதுச் சரக்கையும் பழைய சரக்கையும் பிரித்து வைத்தவர் அவர். பழையதைப் புது அட்டையில் போட்டுத் தந்தது அவருக்குத் தாங்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கவுன்ட்டரில் கண்ணாடித் தடுப்பு, அதற்குள் அதே ஆள். மூத்தார் பெட்டியை வைத்து, பசைநாடாவைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அந்த ஆள் குனிந்தபடியே கடகடவென்று ஏதோ பதில் சொன்னார். மூத்தார், "என்ன?" என்றார். அவர் மறுபடி சொன்னார். மூத்தார் கண்ணாடிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். கவுன்ட்டர்காரர் சலித்துக்கொண்டு, மூத்தாரைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

"மேடம், நீங்களே அவருக்குச் சொல்லிடுங்க. பெரியவருக்குக் காது சரியில்ல போலிருக்கு."

மூத்தாரின் முகம் சுருங்கிப்போயிற்று. டி.வி. ஏன் அவ்வளவு சத்தமாக ஓடுகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் அதை மென்று முழுங்கிக்கொண்டே இத்தனை நாள் தள்ளியிருந்தார்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"நான் சொல்ல மாட்டேன். இணைப்பு அவர் பேர்ல இருக்கு, அவர் வந்தாதான் பேசுவேன்னு சொன்னது நீங்கதான். அவர் வந்துட்டாரு. அவர் முகத்தைப் பார்த்து, நிதானமா, அவருக்குக் கேக்கிற மாதிரி சொல்லுங்க."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் போனிலிருந்து தலையை எடுத்துப் பார்த்தார்கள். கவுன்ட்டர்காரர் வேறு வழியில்லாமல் எழுந்து, தடுப்பின் திறந்த பக்கம் வந்து, மூத்தாரின் முகத்தைப் பார்த்துப் பேசினார். அப்படிப் பேசும்போது சாக்குச் சொல்லுவது அவருக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். புது மாடல் கைவசம் இல்லை, எப்போது வரும் என்று தெரியாது என்பதை ஒத்துக்கொண்டார். வேண்டுமானால் நீங்களே கடையில் நல்லதாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றார்.

"இதுவரைக்கும் எதுக்குப் பொறுப்பா இருந்தீங்க?" என்று கேட்டார் மூத்தார். குட்டிமா வீட்டை அங்கேயே வைத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

பஸ்ஸில் அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு எத்தனை நாளா தெரியும்?" என்று கேட்டார்.

"ரொம்ப நாளா மாமா."

"அன்னைக்கு நீ அந்தக் குழந்தையைப் பத்திச் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டுது. பொழைச்சிடுச்சுங்கிறது மட்டும் கேட்டுது." முகத்தைத் திருப்பாமலே, "மறுபடி கேக்க வெக்கமா இருந்துச்சும்மா" என்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவருக்குத் தெரியும்படி, நடந்தது முழுவதையும் முதலிலிருந்து சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்ட இடம் வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்து, டார்ச்சுகளையும் கடிகாரங்களையும் எடுத்துத் தரையில் பரப்பினார். அடுத்த வார விடுமுறையில் வேலை நடந்தது. கம்பெனி லைனைக் கடையில் வாங்கிய புது ரவுட்டரோடு இணைத்து, அதை அலமாரிக்கு வெளியே, வீட்டுக்கு நடுவில், மாடிப்படி திரும்பும் இடத்துச் சுவரில் உயரமாக மாட்டினார்கள். அங்கிருந்து எலக்ட்ரீஷியன் ஒருவர், உபயோகமில்லாமல் கிடந்த பழைய தண்ணீர்க் குழாயின் துவாரம் வழியாகக் கேபிளை மாடிக்கு ஏற்றினார். மேலே அவள் அறைக்கு வெளியே இன்னொரு சின்ன வைஃபை பெட்டி. அவளுடைய கம்ப்யூட்டருக்கு வைஃபையே வேண்டாம் என்று கேபிளை நேராகச் செருகிக்கொண்டாள். மின்சாரம் போனாலும் நிற்காமல் இருக்க ஒரு பேட்டரியும் வைத்தார்கள்.

அதன் பிறகுதான் கூத்து. வீட்டிலிருந்த ஒவ்வொரு சாமானையும் புது ரவுட்டரோடு பழக்கப்படுத்த வேண்டியிருந்தது. வாசல் கேமரா அடம்பிடித்தது. பழைய பிரின்டர் கடைசிவரை ஒத்துவரவில்லை. அதைக் கணவன் தூக்கிப் பரணில் போட்டான். கடவுச்சொல்லை வைக்கும் உரிமையை மூத்தார் விட்டுக்கொடுக்கவில்லை. அதை எல்லோருக்கும் அவரே ஒரு முறை உரக்கச் சொன்னார், வாசலில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். உடனே மாற்ற வேண்டியதாயிற்று. ஓரகத்தி அன்று சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

தெருவிலும் சொன்னாள். லைன்மேன் சொன்னதை மறைக்காமல் வீடு வீடாகச் சொன்னாள். சிலர் மாற்றினார்கள். பலர், ஓடுகிறவரை ஓடட்டும் என்றார்கள். கொஞ்ச காலத்தில் அதே கம்பெனி, உங்கள் பழைய ரவுட்டரை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று தெருமுனையில் பெரிய விளம்பரப் பலகை வைத்தது. அதில் ஒரு குடும்பம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவாள்.

சோதனையில் தேறி, ஆஸ்பத்திரி அழைப்புகள் மறுபடி வரத் தொடங்கின. கணவன், இனிமேல் நிம்மதி என்றான். அவளுக்கு நிம்மதி வரவில்லை. இந்தப் பக்கம் பெட்டி சரியாகிவிட்டது. அந்தப் பக்கம் எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழட்டுப் பெட்டி எந்த அலமாரிக்குள் கிடக்கிறதோ, யார் கண்டது. அதனால் ஒவ்வொரு அழைப்பிலும் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன் டாக்டரிடம் ஒன்று சொல்ல ஆரம்பித்தாள். அதையே நோயாளிக்கும் கையால் சொல்லுவாள்.

"படம் நின்னா நீங்களும் நிறுத்திடுங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் எதுவும் செய்யாதீங்க. அவங்க கையை யாரும் பிடிக்கக் கூடாது."

சில டாக்டர்கள் தலையசைத்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓர் ஆஸ்பத்திரி, மொழிபெயர்க்க வந்தவர் எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார் என்று புகார் அனுப்பியது. வழுவழுப்பான குரல் அதிகாரி மறுபடி கூப்பிட்டு, வேலைக்கு வெளியே பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இதுதான் வேலை என்றாள் அவள். எழுத்து மூலம் எச்சரிக்கை வரலாம் என்றார் அவர். அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, காத்துக்கொண்டிருந்த அடுத்த அழைப்பை எடுத்தாள். எலும்பு முறிவுப் பிரிவு. கட்டுப் போட்ட காலோடு ஒரு பெரியவர் திரையில் தெரிந்தார், பக்கத்தில் டாக்டர். அவள் இரு கைகளையும் உயர்த்தி, முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.